போல்டிக் கடலின் அடிச்சேறு: ஒரு வரலாற்று நோக்கு

கடலின் அடித்தளம் நெடுங்காலமாக ஓர் இடுகாடாகவே எண்ணப்பட்டு வந்தது. மேல்நீரில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்கள் கீழே படிகின்றன. அத்துடன் அவற்றின் கதை முடிகிறது என்பதே பொதுக் கருத்து. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ஜேர்மனியின் கீல் நகரில் ஆராய்ந்த காள் பிரான்ட், மிகக் குறைவாயுள்ள சத்தே விளைச்சலை வரையறுக்கும் என்று லீபிக் பயிர்நிலத்துக்குக் கூறிய விதியைக் கடலுக்கும் பொருத்தினார். ஆயினும் அச்சத்துகள் சேற்றிலிருந்து எவ்வாறு மீள்கின்றன என்ற வினாவுக்குத் தெளிவான விடை ஏரிகளிலிருந்தே கிடைத்தது.

1936இல் ஐன்செலே என்ற ஜேர்மன் ஆய்வாளர் ஏரிநீரில் இரும்புக்கும் பொசுபேற்றுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். 1941, 1942ஆம் ஆண்டுகளில், பிரித்தானியா போரில் மூழ்கியிருந்த வேளையில், இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில் பணியாற்றிய கிளிபர்ட் மோர்ட்டிமர் சேற்றுக்கும் நீருக்குமிடையிலான பரிமாற்றம் பற்றிய தம் ஆய்வினை வெளியிட்டார். (சேற்றை ஆராய்ந்த இவரே பின்னர் கடலலைகளை ஆராயப் பிரித்தானியக் கடற்படைப் பணிக்குச் சென்றார்.) ஒட்சிசன் உள்ளபோது சேற்றின் மேற்பரப்பில் இரும்பு துருப்போலப் படிந்து பொசுபேற்றைப் பற்றிக்கொள்கிறது. ஒட்சிசன் அற்றதும் அவ்விரும்பு கரைய, பிடிபட்டிருந்த பொசுபேற்று நீருக்குள் விடுபடுகிறது. ஆகவே சேறு இடுகாடு அன்று; கதவு திறந்து மூடும் களஞ்சியம்.

கடலில் இக்கதவு மேலும் எளிதாகத் திறக்கும். கடல்நீரிலுள்ள சல்பேற்றைப் பற்றீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டாக மாற்ற, அது இரும்பைத் தன்னுடன் பிணைத்துக்கொள்கிறது. பொசுபேற்றைப் பற்றுவதற்கு எஞ்சும் இரும்பு குறைகிறது. இதன் விளைவைப் போல்டிக் கடலிலே தெளிவாகக் காணலாம். ஒடுங்கிய டேனிய நீரிணைகளூடாக மட்டுமே அக்கடல் வடகடலோடு தொடர்புடையது. உவர்ப்பு மிகுந்த நீர் அடியிலும் உவர்ப்புக் குறைந்த நீர் மேலும் தங்குவதால், ஒட்சிசன் ஆழத்தை இலகுவில் எட்டுவதில்லை. 1898ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீற்றராக இருந்த ஒட்சிசன் குன்றிய அடித்தளம், அண்மைய ஆண்டுகளில் 60,000 சதுர கிலோமீற்றருக்கும் மேலாக விரிந்துள்ளது. கழிவுநீரும் வயல் உரமுமே இதற்குத் தலையாய காரணம்.

1974இல் ஹெல்சிங்கியில் ஏழு நாடுகள் இக்கடலைக் காக்க ஒப்பந்தம் செய்தன. பனிப்போரில் எதிரெதிரே நின்ற இரு ஜேர்மனிகளும் அதிலே கையொப்பமிட்டன. ஒப்பந்தம் 1980இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் நிலத்திலிருந்து வந்து சேரும் பொசுபரசு, 1980களில் இருந்த உச்சநிலையின் ஏறக்குறைய அரைப்பங்காகக் குறைந்தது. இது சிறிய சாதனையன்று. எனினும் கோடைதோறும் நீலப்பச்சை அல்காக்கள் நீர்ப்பரப்பை மூடுவது ஓயவில்லை. 2002இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது: நீரிலுள்ள பொசுபேற்றின் ஆண்டு மாற்றம் ஆறுகள் கொணரும் அளவைத் தொடர்ந்தன்று, ஒட்சிசன் குன்றிய அடித்தளத்தின் பரப்பைத் தொடர்ந்தே கூடிக் குறைகிறது. இத்தகைய அல்காக்களில் பல வளிமண்டல நைதரசனைத் தாமே பதிக்க வல்லன. பொசுபேற்றுக் கிடைத்தால் அவை செழிக்கும். அவை மடிந்து அடியிற் படிய, எஞ்சிய ஒட்சிசனும் செலவாகிறது. அதனால் சேறு மேலும் பொசுபேற்றை விடுவிக்கிறது.

கையொப்பமிட்ட ஏழில் கிழக்கு ஜேர்மனி 1990இலும் சோவியத் ஒன்றியம் 1991இலும் மறைந்தன. அவற்றின் நகரங்களும் பண்ணைகளும் அனுப்பிய பொசுபரசு மட்டும் அடியிலே தங்கியுள்ளது. அதன் பொறுப்பை ஏற்க வேண்டியவர் யார் என்பதற்கு எந்த ஒப்பந்த வாசகமும் இலகுவில் விடை தராது. மேல்நீரை ஆழத்துக்கு இறைத்து ஒட்சிசன் ஊட்டும் முயற்சி, 2010ஐ அடுத்த ஆண்டுகளில் சுவீடனின் மேற்குக் கரையிலுள்ள ஒரு சிறு குடாவிலே பரீட்சிக்கப்பட்டது. அங்கு பயன் தெரிந்தது. ஆயினும் முழுக் கடலுக்கும் அது பொருந்துமா என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்தொற்றுமை இல்லை. 2021க்குள் கடலை நன்னிலைக்குக் கொணர்வதென 2007இல் வகுக்கப்பட்ட திட்டம் அவ்விலக்கை எட்டவில்லை. அவ்வாண்டே நாடுகள் மீண்டும் கூடி, 2030ஐ நோக்கிய புதிய திட்டமொன்றை ஏற்றுக்கொண்டன.