இரண்டு சைக்கிள்களும் ஒரு தேசமும்

1948 ஆகஸ்டில், ஹாலந்தின் வால்கன்பர்க் நகரில் உலக சைக்கிள் சாம்பியன்ஷிப் பந்தயம் நடந்தது. ஜெயிக்கக்கூடியவர்கள் என்று கருதப்பட்ட இத்தாலியர் இருவர் – ஜீனோ பார்த்தாலி, ஃபௌஸ்தோ கோப்பி – ஒருவரையொருவர் கண்காணித்தபடியே பின்தங்கிப் போனார்கள். மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். அவன் நகரட்டும், பிறகு நான் நகர்கிறேன் என்று இருவருமே காத்திருந்து, கடைசியில் இருவருமே பந்தயத்தை விட்டு விலகினார்கள். பெல்ஜியத்தின் பிரீக் ஷோட்டே ஜெயித்தார். இத்தாலிய சைக்கிள் சம்மேளனம் இருவருக்கும் தடை விதித்தது. போட்டி மனப்பான்மையின் கலப்பற்ற வடிவம் இதுதான்: நான் தோற்றாலும் சரி, அவன் ஜெயிக்கக் கூடாது.

இந்த விளையாட்டின் இயல்புக்கே இது விரோதமானது. சாலைப் பந்தயத்தில் முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறான்; அவன் சக்கரத்தை ஒட்டி வருகிறவனுக்குப் பாரம் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போகும் எதிரிகள் இருவர், மாறி மாறி முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொண்டால்தான் தப்பிக்க முடியும். எதிரியின் முதுகு இவ்வளவு அத்தியாவசியமாக இருக்கும் விளையாட்டு வேறு அதிகம் இல்லை. பகையும் கூட்டுறவும் இங்கே ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள்.

இவர்கள் உறவு தொடங்கியதும் கூட்டுறவில்தான். 1940 ஜீரோ பந்தயத்தில் லெஞ்ஞானோ குழுவின் தலைவர் பார்த்தாலி. 1938-ல் பிரான்ஸின் தூர் பந்தயத்தை ஜெயித்தவர். அவருக்கு ஏவல் செய்யச் சேர்க்கப்பட்ட பையன் கோப்பி. ஆரம்பத்திலேயே பார்த்தாலி விழுந்து அடிபட்டார். பையன் முன்னேறினான். மலைகளில் அவன் துவண்டபோது அவனை அதட்டி இழுத்துக்கொண்டு போனவரும் பார்த்தாலிதான். கோப்பி தம் 20வது வயதில் ஜீரோவை ஜெயித்தார். பந்தயம் ஜூன் 9-ல் முடிந்தது. மறுநாள் முசோலினி யுத்தப் பிரகடனம் செய்தார்.

யுத்தம் முடிந்தபோது இத்தாலியில் சைக்கிள் என்பது வெறும் விளையாட்டுச் சாமான் அல்ல. தெ சீகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’ 1948-ல் வந்தது. சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் வேண்டும். அது களவுபோனால் குடும்பமே விழுந்துவிடும். படத்தின் இறுதிப் பகுதியில், மைதானத்துக்கு வெளியே நடைபாதை ஓரத்தில் தகப்பனும் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும்போது, பந்தய சைக்கிள்கள் ஒரு கூட்டமாக அவர்களைக் கடந்து போகின்றன. வயிற்றுப்பாடான அதே யந்திரம்தான் வீரகாவியமாகவும் ஆகிறது. தெ சீகா இதற்கு வியாக்கியானம் எதுவும் சொல்வதில்லை.

அதே வருஷம் ஜூலை 14-ல் கம்யூனிஸ்ட் தலைவர் தோல்யாத்தி சுடப்பட்டார். பொது வேலைநிறுத்தம் வெடித்தது. தூர் பந்தயத்தில் 20 நிமிஷத்துக்கு மேல் பின்தங்கியிருந்த பார்த்தாலிக்குப் பிரதமர் தெ காஸ்பெரி டெலிபோன் செய்தாராம். அவர் அடுத்தடுத்து மூன்று மலைக் கட்டங்களை ஜெயித்து, உள்நாட்டு யுத்தத்திலிருந்து தேசத்தைக் காப்பாற்றினாராம். மூன்று கட்டங்களை ஜெயித்ததும், கடைசியில் பந்தயத்தையே ஜெயித்ததும் வாஸ்தவம். ஆனால் கலகம் தணிந்ததற்கு முக்கிய காரணம், தோல்யாத்தியும் அவர் கட்சித் தலைமையும் நிதானம் காத்ததுதான். ஒரு கட்சியின் கட்டுப்பாட்டைவிட ஒரு மனிதனின் கால்கள் கதைக்கு வாகாக இருக்கின்றன.

கதை செய்ததில் எழுத்தாளர்களின் பங்கு கணிசமானது. 1949-ல் மலபார்த்தே இருவரையும் இத்தாலியின் இரண்டு முகங்கள் என்று எழுதினார். பார்த்தாலி விசுவாசமும் மரபும்; கோப்பி பகுத்தறிவும் யந்திர யுகமும். அதே வருஷ ஜீரோவுக்கு ஒரு தினசரியின் நிருபராகப் போன நாவலாசிரியர் தீனோ புஸ்ஸாத்தி, குனேயோவிலிருந்து பினரோலோவுக்குப் போகும் கட்டத்தில் கோப்பி 192 கிலோமீட்டர் தன்னந்தனியாக ஓட்டி, ஏறக்குறைய 12 நிமிஷம் முந்தியதைப் பார்த்துவிட்டு, அதை அக்கிலீஸ்–ஹெக்டர் யுத்தமாகக் கண்டார். இரண்டுமே நல்ல எழுத்து. ஆனால் புஸ்ஸாத்தியின் ஹெக்டர் தோற்கும் மனிதன். களைப்பும் வயதும் அவனுக்கு உண்டு. மலபார்த்தேயின் பார்த்தாலிக்கு உடம்பு கிடையாது. அவர் ஒரு கருத்தின் பெயர், அவ்வளவுதான். இரண்டு பேரை எதிரெதிராக நிறுத்திவிட்டு அதையே விமர்சனம் என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் நமக்கும் தெரியாததல்ல.

இந்தப் பாகுபாட்டுக்கு விலை கொடுத்தவர்கள் மனிதர்கள். நவீனத்தின் சின்னமான கோப்பி, வேறொருவரின் மனைவியோடு வாழப் போனார். பத்திரிகைகள் துரத்தின. அந்தப் பெண் சிறையில் வைக்கப்பட்டார். 1955-ல் இருவருக்கும் தண்டனை விதிக்கப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டது. அந்தக் குற்றத்தை அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது 1968-ல். விவாகரத்துச் சட்டம் வந்தது 1970-ல். கோப்பிக்கு நவீனன் என்ற பட்டம் கொடுத்த தேசம், நவீனனாக வாழ இடம் கொடுக்கவில்லை. பழமையின் சின்னமான பார்த்தாலியோ, ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் யூதர்களைக் காக்க உதவினார் என்று 2013-ல் யாத் வஷேம் அங்கீகரித்தது. சைக்கிள் சட்டத்துக்குள் போலிப் பத்திரங்களைக் கடத்தினார் என்ற விவரத்தைச் சரித்திரக்காரர்கள் சிலர் மறுக்கிறார்கள். அவர் உயிரோடிருந்தவரை இதைப் பெரிதாகப் பேசவில்லை. சின்னத்துக்குப் பின்னால் இருந்த மனிதனைச் சின்னம் மறைத்துவிட்டது.

1949 தூரில் இருவரும் ஒன்றாகத் தப்பித்து பிரியான்ஸோனுக்கு வந்தார்கள். அன்று ஜூலை 18, பார்த்தாலிக்கு 35வது பிறந்தநாள். கட்டத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார் கோப்பி. பந்தயத்தை ஜெயித்தது கோப்பி, இரண்டாவது பார்த்தாலி. வால்கன்பர்க் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கோப்பி ஆப்பிரிக்கா போய்வந்து, கண்டுபிடிக்கப்படாத மலேரியாவில் 1960 ஜனவரி 2-ல் 40 வயதில் இறந்தார். பார்த்தாலி 2000 வரை வாழ்ந்தார். 1952 தூரில் எடுத்த ஒரு புகைப்படம் மிஞ்சியிருக்கிறது. மலையேற்றத்தில், முன்னும் பின்னுமாகப் போகும் இருவரின் கைகளும் ஒரே பாட்டிலைப் பிடித்திருக்கின்றன. கொடுத்தது யார், வாங்கியது யார் என்று இத்தாலி பல பத்தாண்டுகள் சண்டை போட்டது. அது ஏற்பாடு செய்த படம் என்ற பேச்சும் உண்டு. இரண்டு கட்சிக்காரர்களும் படத்தில் தங்கள் ஆளின் கையை மட்டும் பார்த்தார்கள். பாட்டில் இரண்டு கைகளிலும் இருந்தது.