அரசியர் வாழ்ந்த மனையில்

மட்டக்களப்புக்கும் கண்டிக்கும் பழைய உறவுண்டு. வாவி சூழ்ந்த நம் புளியந்தீவுக் கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றத் துணைநின்றவன் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன்.

அந்த நினைவோடு கண்டி தேசிய நூதனசாலைக்குச் சென்றோம். தலதா மாளிகைக்கு அருகிலுள்ள இக்கட்டடம் 'பள்ளே வாசல' எனப்படும், அரச குலப் பெண்கள் வாழ்ந்த அந்தப்புரம். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் அரசியர் தென்னிந்திய நாயக்கர் வழியினர்.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டோர் ஆங்கிலேய ஆள்பதியும் கண்டிப் பிரதானிகளும், எல்லோரும் ஆண்களே. மறுவருடம் மன்னனோடு வேலூருக்கு நாடுகடத்தப்பட்ட அரசியர் என்ன நினைத்தார்கள் என்பதை அவ்வொப்பந்தம் சொல்லாது.

மனை நிலைத்தது, அதில் வாழ்ந்தோர் பேச்சு நிலைக்கவில்லை. சகோதரிகளே, நூற்றாண்டு காணும் நம் சங்கத்துக்கு அந்தக் குறை வேண்டாம். அம்மம்மாமார் சொன்ன பள்ளிக்கூடக் கதைகளை அவர்கள் இருக்கும்போதே எழுதிவைப்போம்.