நிழலில் உலர்ந்த நிலவாகை

நாட்டு மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு வாங்கும் நிலவாகை, உலக மருந்துச் சந்தையில் 'தின்னவேலி சென்னா' என்ற பெயரில் விலைபோகும் சரக்கு. அரேபியாவில் தானாக முளைக்கும் இந்தச் செடியை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையில் பயிராக்கியவர் ஹியூஸ் என்ற வெள்ளைக்காரர். மானாவாரி நிலத்துக்கு அது ஒத்துப்போனது. ஏற்றுமதிக்குத் தூத்துக்குடித் துறைமுகமும் பக்கத்திலேயே இருந்தது.

எகிப்து வழியாக ஐரோப்பாவுக்குப் போன அலெக்சாந்திரியா சரக்கில் ஆர்கெல் என்ற வேற்றுச் செடியின் இலை கலந்திருப்பதாக அக்காலத்தில் ஓயாத புகார். இலையும் நொறுங்கியே போய்ச் சேரும். திருநெல்வேலி இலையோ கையால் பறித்து, நிழலில் மெல்லிசாகப் பரப்பி, அவ்வப்போது கிளறி, முழு இலையாகவே பொதி கட்டப்பட்டது. ஏழு முதல் பத்து நாளில் காய்ந்துவிடும். மஞ்சள் கலந்த பச்சையாக இருந்தால் நல்ல சரக்கு. நனைந்து கறுத்ததை வியாபாரி தள்ளிவிடுவார். நிறமே அப்போது முக்கிய அளவுகோல்.

அந்த அளவுகோலுக்குப் பின்னால் இருந்த வேதியியல் 20-ஆம் நூற்றாண்டில்தான் பிடிபட்டது. 1941-இல் சுவிட்சர்லாந்தின் ஆர்தர் ஸ்டோல், பேதிக்குக் காரணமான சென்னோசைடு 'ஏ', 'பி' என்னும் பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1970-களில் நடந்த ஆய்வுகள் இன்னும் வியப்பானதைக் காட்டின: பச்சை இலையில் இருப்பவை பெரும்பாலும் ஆந்த்ரோன் கிளைகோசைடுகள். 20 முதல் 50 டிகிரி வெப்பத்தில் இலை மெல்லக் காயும்போது, அதிலுள்ள நொதிகளே அவற்றை இரண்டிரண்டாக இணைத்துச் சென்னோசைடு ஆக்குகின்றன. கடுஞ்சூட்டில் நொதி செயலிழக்கும். அந்த மாற்றம் பாதியில் நின்றுவிடும். ஆக, நிழல் இங்கே மருந்தைக் காப்பதோடு நிற்கவில்லை. மருந்தே அங்குதான் உருவாகிறது.

எல்லா இலைக்கும் இது பொருந்தாது; முருங்கை இலையே அதற்குச் சான்று. திருப்பூர் மாவட்டத்தின் மூலனூர் வட்டாரம் முருங்கைக்குப் பேர்போனது. 1989-இல் பெரியகுளத்திலிருந்து வெளிவந்த பி.கே.எம்.-1 என்னும் செடிமுருங்கை, தமிழகத்தில் முருங்கைச் சாகுபடியையே பெருக்கியது. காய்க்காக வளர்த்த மரத்தின் இலையும் பின்னாளில் பொடியாகி விலைக்கு வந்தது. முருங்கையில் உலர்த்தல் பெரும்பாலும் இழப்புக் கணக்குதான். நீர் வற்றுவதால் எடைக்கு எடை புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கூடியதாகத் தெரியும்; வைட்டமின் சி எப்படிக் காயவைத்தாலும் பெருமளவு போய்விடும். நேர்வெயிலில் பீட்டா கரோட்டினும் சிதைந்து, பச்சை வெளுக்கும். அதனால் இலையைக் கழுவி, நீர் வடித்து, காற்றோட்டமான நிழலிலோ மிதமான சூட்டு உலர்த்தியிலோ காயவைக்கிறார்கள். நிலவாகைக்குக் கொஞ்சம் மஞ்சள் ஏறலாம். முருங்கைப் பொடி பச்சை மாறினால் வாங்க ஆள் இல்லை.