பட்டாளமும் கார் ஆலையும் போட்ட கொரியப் பந்தி

நடுத்தர ஊர் ஒன்றில் நல்ல கொரிய உணவகத்தைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, எங்கே சமையல் நன்றாக இருக்கும் என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த ஊருக்குக் கொரியர்கள் எதற்காக வந்தார்கள், யாரோடு வந்தார்கள்? லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் மாதிரியான மாநகரங்களில் இதற்கு நூறு பதில் கிடைக்கும். இரண்டு லட்சம் பேர் வாழும் ஊரில் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். அந்தப் பதிலிலேயே அங்குள்ள சமையலின் தரமும் அடங்கியிருக்கும். அமெரிக்காவின் இரண்டு ஊர்களைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மேற்குக் கரையில், வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா. மற்றது தெற்கே, அலபாமாவின் மான்ட்கோமரி. இரண்டிலும் கொரிய அடுப்பு எரிகிறது. டகோமாவில் அதை மூட்டியது பட்டாளம், மான்ட்கோமரியில் கார் ஆலை.

டகோமாவின் கதை 1950 ஜூலையில் தொடங்குகிறது. கொரியப் போர் மூண்டதும், ஊருக்குத் தெற்கே உள்ள ஃபோர்ட் லூயிஸ் முகாமிலிருந்து அமெரிக்காவின் 2ஆம் காலாட்படைப் பிரிவு கப்பலேறியது. 1953இல் சண்டை ஓய்ந்த பிறகும் அமெரிக்கப் படை கொரியாவைவிட்டு முழுதாக வெளியேறவில்லை. பல்லாயிரம் வீரர்கள், பெரும்பாலும் ஓராண்டுப் பணியாக, போவதும் வருவதுமாக இருந்தார்கள். அங்கே திருமணங்கள் நடந்தன. 1950 முதல் 1989 வரை வீரர்களை மணந்து அமெரிக்கா வந்த கொரியப் பெண்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்று வரலாற்றாய்வாளர்கள் கணிக்கிறார்கள். கணவனுக்கு எந்த முகாமில் வேலையோ அந்த ஊரே அவர்களுக்கு வாழ்க்கைப்பட்ட ஊர். 1972இல் டகோமாவில் இப்படி வந்த மனைவிமார் சிலர் சேர்ந்து ஒரு மாதர் சங்கம் தொடங்கினார்கள். பேச்சுத் துணைக்காகக் கூடிய அந்தச் சங்கம் இன்று முதியோரைப் பேணும் பெரிய சேவை அமைப்பு. 1965இன் குடியேற்றச் சட்டம் குடும்ப உறவுக்கு முன்னுரிமை தந்ததால், குடியுரிமை பெற்ற பெண் தாய் தகப்பனையும், பிறகு அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளையும் வரவழைத்துக்கொள்ள முடிந்தது. முகாமை நோக்கிச் செல்லும் சவுத் டகோமா வே என்ற சாலையில் கொரிய எழுத்துப் பலகைகள் வரிசையாக ஏறியது இந்தக் குடும்பங்களால்தான். டகோமாவின் மேயராக இருந்து, 2021 ஜனவரியில் நாடாளுமன்ற உறுப்பினராகப் பதவியேற்ற மேரிலின் ஸ்டிரிக்லண்டும் இந்த வரலாற்றின் பிள்ளைதான். தாய் கொரியர், தந்தை அமெரிக்கக் கறுப்பின வீரர். பதவிப் பிரமாணத்தன்று அவர் உடுத்தியிருந்தது கொரிய மரபுடையான ஹன்போக்.

கொரியச் சாப்பாட்டுக் கடை நிலைக்க வேண்டுமானால் பக்கத்தில் கொரிய மளிகைக் கடை இருந்தாக வேண்டும். கிம்ச்சியையே பாருங்கள். நீளமான நாப்பா முட்டைக்கோஸைப் பிளந்து, உப்பில் ஊறவைத்து, அலசிப் பிழிந்து, பூண்டும் இஞ்சியும் உப்பிட்ட இறாலும் மிளகாய்த்தூளும் சேர்ந்த விழுதை ஒவ்வொரு மடலாக விரித்துத் தடவ வேண்டும். அந்த மிளகாய்த்தூள் நம் வீட்டுத் தூள் மாதிரி மாவாக இராது. கொரகொரப்பாக, நிறம் மிகுந்து, காரம் குறைந்து இருக்கும். அதன் இடத்தில் வேறு தூளைப் போட்டால் நிறத்துக்குப் போட்டது காரமாகிவிடும், காரத்துக்கு அளந்தால் நிறம் வராது. சோயா விழுது, மிளகாய் விழுது, எள்ளெண்ணெய், காய்ந்த நெத்திலி எல்லாமே இப்படித்தான். மாற்றுச் சரக்கு கிடையாது. மேசைக்கு வரும் தொடுகறிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முளைகட்டிய சோயா, கீரை, முள்ளங்கி, மீன் அடை என்று ஆறேழு சிறு கிண்ணங்கள் காசில்லாமல் வரும், கேட்டால் மறுபடியும் வரும். வேகவைத்துப் பிசைந்த கீரை மறுநாளே சுவை கெடும். ஆகவே அன்றாடம் வந்து கிண்ணத்தைக் காலி செய்யும் கூட்டம் இல்லாத கடையில் முதலில் கிண்ணங்களின் எண்ணிக்கை குறையும், பிறகு அதில் இருப்பது பழசாகும். டகோமாவில் அந்தக் கூட்டம் இரண்டு திசையிலிருந்து வந்தது: கொரியக் குடும்பங்கள், கொரியாவில் ஓராண்டு இருந்து புல்கோகி என்ற சுட்ட இறைச்சியும் கிம்ச்சியும் பழகித் திரும்பிய வீரர்கள். சுவை எதிர்த் திசையிலும் பயணித்தது. கொரியாவிலிருந்த அமெரிக்க முகாம்களிலிருந்து வெளியே வந்த டப்பா இறைச்சியையும் சாசேஜையும் கிம்ச்சியோடு கொதிக்கவைத்துப் பிறந்ததுதான் ‘புதே ஜிகே’, அதாவது பட்டாளக் குழம்பு. சியோலுக்கு வடக்கே உள்ள உயிஜொங்பு இன்றும் அதற்குப் பேர்போன ஊர்.

மான்ட்கோமரிக்குப் பட்டாள வழியில் இவ்வளவு கொரியர்கள் வரவில்லை. 2002இல் ஹூண்டாய் தன் அமெரிக்க ஆலைக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது. 2005 மே மாதம் சொனாட்டா கார்கள் வரத் தொடங்கின. உதிரிபாகம் செய்யும் கொரிய நிறுவனங்களும் பின்னாலேயே வந்து சுற்றுவட்டாரத்தில் ஆலை போட்டன. 2009இல் மாநில எல்லைக்கு அப்பால், ஜார்ஜியாவின் வெஸ்ட் பாயின்டில் கியா ஆலை இயங்கத் தொடங்கியது. அதே 85ஆம் எண் நெடுஞ்சாலையில் இன்னும் மேலே போனால் அட்லான்டா, அதையும் தாண்டினால் கொரியக் கடைகள் நிறைந்த டுலூத். சரக்கு வர வழி பிறந்துவிட்டது. தமிழ் வாசகருக்கு இதெல்லாம் புதிதல்ல. இதே நிறுவனம் 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998இல் சான்ட்ரோ சாலைக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய எழுத்தில் உணவகப் பலகைகள் தோன்றியதும் அதன் தொடர்ச்சிதான். ஆலைக் கொரியரின் பசி, முகாம் மனைவியின் பசியிலிருந்து வேறுபட்டது. தலைமையகம் சில ஆண்டுகளுக்கு அனுப்பிய பொறியாளருக்கு மதியம் நேரத்துக்குச் சூடான குழம்பும் சோறும் வேண்டும்; மாலையில் தன் பிரிவினரோடு உட்கார்ந்து இறைச்சி சுட மேசை வேண்டும். அவர் நேற்றுவரை சியோலிலோ உல்சானிலோ சாப்பிட்டவர், சுவையில் சமரசம் செய்துகொள்ளப் பழகாதவர். அவருக்குச் சமைக்கும் கடை உள்ளூர் நாக்குக்காகச் சர்க்கரையைக் கூட்ட வேண்டியதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இன்று கொரிய உணவைப் பரப்புவது முகாமும் ஆலையும் அல்ல, கொரியத் தொடர்களும் பாட்டும்தானே? கொரியரே இல்லாத ஊரிலும் கொரியப் பொரித்த கோழி விற்கிறதே? விற்கிறது, உண்மை. அந்த அலையால் பழைய கடைகளுக்கும் புது வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அலையோடு எது வருகிறது என்று பார்க்க வேண்டும். கோழி, உடனடி நூடுல்ஸ், குச்சியில் செருகிய சாசேஜ்: உறைபெட்டியில் வைத்து எந்த ஊருக்கும் அனுப்பக்கூடியவை. நாள்கணக்கில் புளித்து நாறும் சோயாக் குழம்பும், எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுக்கும் வெண்ணிறச் சாறும் அப்படி வருவதில்லை. அவற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆள் வேண்டும். இன்னொரு மறுப்பு சமைப்பவரைப் பற்றியது. எல்லாம் கைமணம்தான், ஊரின் வரலாற்றுக்கும் குழம்புக்கும் என்ன தொடர்பு என்பார்கள். கொரியர்களும் கைமணத்தை ‘சொன்மாட்’, கையின் சுவை, என்றே சொல்கிறார்கள். அந்தக் கை பெரிது, மறுக்கவில்லை. ஆனால் கிம்ச்சி புளிப்பு ஏறிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்லும் பாட்டி ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கும்வரைதான் அந்தக் கை தவறாமல் வேலை செய்யும். பல்கலைக்கழக ஊர்களிலும் இதுவே நடக்கிறது. அங்கே பாட்டியின் இடத்தில் மாணவர் கூட்டம்.

இதனால்தான் புதிதாக வந்த கடைகளைத் தேடும்போது நட்சத்திர எண்ணிக்கையைவிட மளிகைக் கடையையும் கொரியத் தேவாலயத்தையும் நம்பலாம் என்கிறேன். ஞாயிறு வழிபாடு முடிந்து சேர்ந்து சாப்பிடும் கூட்டத்துக்கு எந்தக் கடையில் யார் சமைக்கிறார் என்பது தெரியும். டகோமாவில் இந்தத் தேடலுக்கு அவசரமும் உண்டு. எழுபதுகளில் வந்த பெண்களுக்கு வயதாகிவிட்டது. ஜார்ஜியாவின் கடலோர ஊரான சவானாவிலோ கதை இப்போதுதான் தொடங்குகிறது. அதன் பக்கத்தில் ஹூண்டாயின் புதிய மின்கார் ஆலை 2022இல் அறிவிக்கப்பட்டது, 2024இல் உற்பத்தி தொடங்கியது. 2025 செப்டம்பரில் அந்த வளாகத்து மின்கல ஆலையின் கட்டுமானத்தில் குடியேற்ற அதிகாரிகள் சோதனை நடத்தி 475 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் 300க்கும் மேற்பட்டோர் கொரியர்கள், ஒரு வாரத்தில் விமானத்தில் ஊர் திரும்பினார்கள். குடும்பமில்லாமல் வேலைக்கு மட்டும் வருகிறவர்களை நம்பிய அடுப்பு எவ்வளவு எளிதில் அணையக்கூடும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். சவானாவில் எந்தக் கடை நிலைக்கும் என்று அறிய விரும்புகிறவர் அங்குள்ள கொரிய மளிகைக் கடைக்குள் போய், நூடுல்ஸ் பொட்டலங்களையும் சோஜு மது பாட்டில்களையும் தாண்டி, பின்பக்கம் நாப்பா முட்டைக்கோஸ் பெட்டி பெட்டியாக இறங்குகிறதா, அதை வாங்க வருவது குழந்தையைக் கையில் பிடித்த பெண்களா என்று பார்க்க வேண்டும்.