தலையடியும் வீரமும்

1926-இல் பேரா முதன்முறையாக மலாயாக் கிண்ணத்தை வென்றது. ஈப்போவிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் பந்தாட்டம் நம்மவரின் பெருவிருப்பமாயிற்று. அந்நாளைய தோல் பந்து மழையில் நனைந்தால் கனத்துவிடும். அதைத் தலையால் முட்டுவதே வீரமென்று நாம் கைதட்டினோம்.

அவ்வீரத்தின் விலை பின்னரே தெரிந்தது. ஆளோடு ஆள் மோதும் அமெரிக்கக் காற்பந்தில் புகழ்பெற்ற மைக் வெப்ஸ்டர் 2002-இல் மாண்டார். ஓயாத மோதலால் விளைந்த நோயை அவர் மூளையில் மருத்துவர் பென்னட் ஒமாலு கண்டார். தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. அதே வருஷம் இங்கிலாந்தில், பந்தைத் தலையால் முட்டியே பேரெடுத்த ஜெப் ஆஸ்டிலின் மரணத்துக்குத் தொழில்நோயே காரணமென மரண விசாரணையில் தீர்ப்பாயிற்று.

உழைப்பை விற்றுப் பிழைத்த தோட்டத் தமிழருக்கு இச்சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஆகவே அன்பர்களே, தலையில் அடிபட்டுத் தடுமாறும் பிள்ளையை அன்றே மீண்டும் ஆடவிடுதல் தகாது. கிண்ணத்தை மறுவருஷமும் வெல்லலாம். மூளையை எங்கே பெறுவோம்?