மும்பை லோக்கல்: அந்தக் கதவை ஏன் மூட முடியவில்லை?

காலை 8.40. சயான் ஸ்டேஷன். சிஎஸ்எம்டி போகும் ஸ்லோ லோக்கல் உள்ளே வருகிறது. முழுசாக நிற்பதற்குள்ளேயே சிலர் குதித்துவிடுகிறார்கள், சிலர் தொற்றிக்கொள்கிறார்கள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, ரயில் கிளம்பிவிடுகிறது. வாசலுக்கு வெளியே நான்கைந்து பேர், ஒரு கால் படியில், ஒரு கை கம்பியில்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்வாசிகளுக்கு இதெல்லாம் செய்தியே இல்லை. ஆனால் வேலை கிடைத்து ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பார்கள்: "இந்தக் கதவை மூடிட்டுப் போனா என்ன?"

நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் சிக்கலானது. லோக்கலின் மிகப் பெரிய ஆபத்தும், இவ்வளவு பேரை அது ஏற்றிச் செல்வதற்கான காரணமும் அதே திறந்த கதவுதான்.

ஒரு நாளைக்கு ஏழு பேர்

முதலில் எண்ணைப் பார்த்துவிடுவோம். மும்பை புறநகர் ரயில் பாதைகளில் 2023ஆம் ஆண்டில் இறந்தவர்கள் 2,590 பேர். 2024இல் 2,468 பேர். சராசரியாக ஒரு நாளைக்கு ஏழு பேர். இதில் பெரிய பங்கு தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவர்கள். அடுத்த பெரிய பங்கு, ஓடும் ரயிலிலிருந்து விழுந்தவர்கள். 2024 ஜூனில் இது தொடர்பான பொதுநல வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, பயணிகள் இப்படிப் போக வேண்டியிருப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று தலைமை நீதிபதி அமர்வே சொன்னது.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2025 ஜூன் 9 காலையில், மும்ப்ரா அருகே எதிரெதிர்த் திசையில் இரண்டு லோக்கல்கள் கடந்தபோது வாசலில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் கீழே விழுந்தார்கள். நான்கு பேர் அன்றே இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், ஏசி இல்லாத ரயில்களிலும் தானியங்கிக் கதவு வரும் என்று ரயில்வே அறிவித்தது.

பத்து விநாடிக் கணக்கு

லோக்கல் பெட்டியில் கதவே இல்லை என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருக்கிறது. கையால் இழுத்து மூடும் கதவு. பலமாக மழை அடிக்கும்போது மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். மற்ற நேரத்தில் யாரும் தொடுவதில்லை. அதற்கு இரண்டு காரணம்: நேரம், காற்று.

நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பீக் ஹவரில் ஒரு தடத்தில் சுமார் மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் வருகிறது. அதாவது மணிக்கு 20 ரயில். இப்போது எல்லாக் கதவும் மூடிய பிறகுதான் ரயில் நகரும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பத்தே பத்து விநாடி கூடுகிறது. இடைவெளி 180 விநாடியிலிருந்து 190 ஆகிறது. மணிக்கு 20 ரயில் ஓடிய இடத்தில் 19தான் ஓட முடியும். ஒரே ஒரு ரயில்தானே என்று தோன்றும். பீக் ஹவரில் அந்த ஒரு ரயிலில் போகிறவர்கள் சில ஆயிரம் பேர். அவர்கள் மிச்சமுள்ள 19 ரயிலில்தான் ஏறியாக வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தாணேயிலிருந்து சிஎஸ்எம்டி போகும் ஸ்லோ லோக்கல் நடுவில் 17 ஸ்டேஷன்களில் நிற்கிறது. 17 பத்துகள் 170 விநாடி. ஏறக்குறைய ஒரு முழு ரயில் இடைவெளி, ஒவ்வொரு நடையிலும். இது எளிமையாகப் போட்ட கணக்குதான். நிஜத்தில் கூட்டம் கதவில் மாட்டி, கதவு மூடாமல் திரும்பத் திறந்து, இன்னும் மோசமாகும். 2017 டிசம்பர் 25 முதல் ஓடும் ஏசி லோக்கலில் தானியங்கிக் கதவு உண்டு. பீக் ஹவரில் அதில் ஏறியிருந்தால், கதவு மூடுவதற்காக உள்ளே இருப்பவர்கள் 'ஆத் சலோ, ஆத் சலோ' என்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள்.

அடுத்தது காற்று. இந்த ஊர் நெரிசலுக்கென்றே ரயில்வேயில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சூப்பர் டென்ஸ் கிரஷ் லோட். ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பது. தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் வரைந்து, உங்கள் ஆபீஸ் டீம் முழுவதையும் அதற்குள் நிற்கச் சொல்லிப் பாருங்கள். அந்த நெரிசலில், ஏசி இல்லாத பெட்டியில், மே மாதத்தில் கதவை மூடினால் மூச்சுத் திணறும். அதனால்தான் அறிவிக்கப்பட்ட புதிய பெட்டிகளில் கதவிலேயே காற்றுத் துவாரம், கூரையில் காற்று உள்ளே தள்ளும் கருவி, ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததுக்கு நடந்து போகும் வழி மூன்றும் சேர்த்தே சொல்லப்பட்டன.

இவ்வளவுக்கும் ஏன் அதிலேயே போகிறோம்?

விலை. லோக்கலில் இரண்டாம் வகுப்பின் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். முதல் பத்து கிலோமீட்டருக்குள் மாத பாஸ் 100 ரூபாய். சென்னையில் ஷேர் ஆட்டோவில் நாலு நடை போனாலே தீர்ந்துவிடும் பணம். ஏசி லோக்கலில் குறைந்தபட்சமே 35 ரூபாய், அதாவது ஏழு மடங்கு. 2014 ஜூனில் மாத பாஸ் விலையை 15 தனிப் பயணங்களுக்குப் பதிலாக 30 பயணங்கள் என்று கணக்கிட முடிவெடுத்தார்கள். ஊரே கொதித்தது. சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். அதற்குப் பிறகு எந்த அரசும் இந்த விலையில் கை வைக்கவே யோசிக்கிறது.

வயதும் ஒரு பலம்தான். போரி பந்தரிலிருந்து தாணேக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853 ஏப்ரல் 16. உலகின் முதல் பாதாள ரயிலான லண்டன் ரயிலைவிடப் பத்து வயது மூத்தது. 1925 பிப்ரவரி 3 அன்று நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியதும் இங்கேதான், விடியிலிருந்து குர்லா வரை ஹார்பர் பாதையில். தண்டவாளம் முதலில் வந்தது, ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. மாட்டுங்கா பணிமனை 1915இல் வந்தது. குர்லாவிலிருந்து செம்பூர் பக்கம் நகரத்துக் குப்பையைக் கொண்டுபோகப் போட்ட தடத்தில் 1924இல் பயணிகளை ஏற்ற ஆரம்பித்தார்கள். இன்றைக்கு செம்பூரில் ஒரு பிளாட் என்ன விலை என்று பார்த்துவிட்டு இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

கோவிடுக்கு முன்பு நாளொன்றுக்கு 75 லட்சம் பயணங்கள். இதற்கு இணையாக ஏற்றிச் செல்ல இந்த ஊரில் வேறெதுவும் இல்லை.

பாதாளத்தில் கதவு மூடியிருக்கிறது

தாராவி என்ற பெயரில் லோக்கல் ஸ்டேஷன் எப்போதும் இருந்ததில்லை. ஒரு பக்கம் மேற்கு ரயில்வேயின் மாஹிம், மாட்டுங்கா ரோடு. இன்னொரு பக்கம் மத்திய ரயில்வேயின் சயான். இரண்டுக்கும் நடுவில் தாராவி. 2025 மே 10 அன்று மெட்ரோ 3 எனப்படும் அக்வா லைன் ஆச்சார்ய ஆத்ரே சௌக் வரை நீண்டபோதுதான் 'தாராவி' என்று பலகை வைத்த ஸ்டேஷன் வந்தது. அதே அக்டோபரில் பாதை கஃப் பரேட் வரை முழுமையானது: 33.5 கிலோமீட்டர், 27 ஸ்டேஷன், அதில் 26 பாதாளத்தில்.

அங்கே பிளாட்ஃபார்மின் விளிம்பிலேயே கண்ணாடித் தடுப்பு. ரயில் வந்து நின்ற பிறகுதான் இரண்டு கதவும் திறக்கும். விழ வழியே இல்லை. தாராவியிலிருந்து பிகேசி அடுத்த ஸ்டேஷன்தான். பிகேசியில் வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், மெட்ரோவில் போங்கள். ஆனால் கட்டணம் 10 ரூபாயில் ஆரம்பித்து 70 வரை போகிறது. எட்டுப் பெட்டிதான். 12 பெட்டி லோக்கல் சுமக்கும் கூட்டத்தை அது சுமக்காது, அதற்காகக் கட்டியதும் இல்லை. புதுசு என்றால் பிரச்சினையே வராது என்றும் இல்லை. திறந்து 16 நாளில், மே 26 மழையில், ஆச்சார்ய ஆத்ரே சௌக் ஸ்டேஷனுக்குள் வெள்ளம் புகுந்தது.

செம்பூருக்கு இந்தப் பாதை வரவில்லை. அங்கே 2014இல் வந்தது மோனோரயில். 2025 ஆகஸ்ட் 19 மழையில் அது நூற்றுக்கணக்கான பயணிகளோடு நடுவழியில் உயரத்தில் நின்றுபோனது. செப்டம்பர் 20 முதல் சேவையையே நிறுத்தினார்கள். ஆக செம்பூர்க்காரர்களுக்குப் பழைய ஹார்பர்தான் கதி. மத்திய, மேற்குப் பாதைகளில் நகரத்துக்குள் குறைந்தது நான்கு தடம் உண்டு, ஸ்லோ நின்றால் ஃபாஸ்டில் ஏறலாம். ஹார்பரில் இரண்டே தடம். குர்லாவில் ஒரு சிக்னல் மக்கர் பண்ணினால் பன்வேல் வரைக்கும் அவ்ளோதான்.

ரயிலை அதிகமாக விட்டால் என்ன?

கதவை மூட வேண்டுமென்றால் முதலில் கூட்டம் குறைய வேண்டும். கூட்டம் குறைய ரயில் கூட வேண்டும். அதற்குத் தடம் வேண்டும். வெளியூர் ரயில்களைத் தனியே பிரித்துவிட குர்லா–சிஎஸ்எம்டி இடையே ஐந்தாவது, ஆறாவது தடம் போடும் திட்டம் பல வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு வழிவிடத்தான் 1912இல் கட்டிய சயான் மேம்பாலத்தை, பலமுறை தேதி தள்ளிப்போன பிறகு, 2024 ஆகஸ்ட் 1 அன்று மூடினார்கள். தாராவியிலிருந்து சயான் மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகிறவர்கள் அன்றிலிருந்து சுற்றிப் போகிறார்கள். ரயில்களுக்கு இடையேயான இடைவெளியைக் குறைக்கும் நவீன சிக்னல் முறைக்கு 2019 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதுவும் இன்னும் பயணிகள் கண்ணில் படவில்லை.

விழுந்துவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது?

இதைப் பலர் தெரிந்துவைத்திருப்பதில்லை, அதனால் நிறுத்திப் படியுங்கள். படியில் தொங்குவது ரயில்வே சட்டப் பிரிவு 156இன்படி குற்றம்: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் டிக்கெட்டோ பாஸோ உள்ள பயணி ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தால், பிரிவு 124ஏயின்படி குடும்பத்துக்கு 8 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 'அவர் அஜாக்கிரதையாக இருந்தார்' என்று சொல்லி இழப்பீட்டை மறுக்க முடியாது, உடம்பில் டிக்கெட் கிடைக்கவில்லை என்பது மட்டுமே காரணமாகாது என்று 2018இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவர்களுக்கு இது பொருந்தாது.

பாஸை மொபைலில் வைத்திருப்பவர்கள், அதன் எண்ணை வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். விபத்தில் முதலில் காணாமல் போவது போன்தான். வாசல் பக்கம் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது என்றால் முதுகுப் பையைக் கழற்றி முன்னால் மாட்டுங்கள். நானும் வாசல் பக்கம் நிற்கிற ஆள்தான், தாதரில் இறங்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை. தானியங்கிக் கதவு வைத்த ஏசி இல்லாத ரயில் உங்கள் பாதையில் வரும்போது, அது சயானிலோ குர்லாவிலோ எத்தனை விநாடி நிற்கிறது என்று மட்டும் போனில் எண்ணிப் பாருங்கள்.