தம்பதியா சேர்ந்து சின்ன கார் வாங்கப் போறீங்களா? ஆர்.சி. யார் பேர்ல இருக்கணும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒருவருக்கு ஷிஃப்ட், திருவள்ளூரில் இன்னொருவருக்கு வேலை. இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போகணும்னா சென்னை வந்து மாறித்தான் போகணும். இப்படிப்பட்ட வீடுகளில் பைக்குக்கு அடுத்து ஹேட்ச்பேக் கார் பேச்சு வருவது இயல்பு. மைலேஜ், கலர் எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். கார் யார் பெயரில் என்பது மட்டும் கடைசி நிமிடத்தில் ஷோரூமில்தான் முடிவாகும்.

ஏன் இது முக்கியம்?

கார் கடனில் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆர்.சி.யில் உரிமையாளர் ஒருவர்தான். இன்சூரன்ஸில் வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்து காப்பீடு, அந்த உரிமையாளருக்கு மட்டும்தான். அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும்.

மனைவி பெயரில் கார், அவருக்கு லைசென்ஸ் இல்லை, தினமும் ஓட்டுவது கணவர் என்று வைத்துக்கொள்வோம். விபத்து நடந்தால் அந்த 15 லட்சம் இருவருக்குமே கிடைக்காது. சென்டிமென்ட்டுக்காக பெயர் போடுவது தப்பில்லை. ஆனா லைசென்ஸும் எடுத்திடுங்க. கூட வருபவர்களுக்கான கூடுதல் காப்பீட்டையும் கேட்டு வாங்குங்க. 2021 முதல் ஆர்.சி.யில் நாமினி பெயரையும் சேர்க்கலாம். பலர் அந்தக் கட்டத்தை காலியாகவே விட்டுவிடுகிறார்கள்.

விலை எவ்வளவு குறைந்தது?

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. 4 மீட்டருக்குள் நீளம், 1,200 சிசி வரையிலான பெட்ரோல் இன்ஜின் என்றால் இந்தக் கணக்கில் வரும். தமிழ்நாட்டில் சாலை வரி தனி. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டபடி, 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 13 சதவீதம். 6 லட்சம் ரூபாய் காருக்கு 78,000 ரூபாய்!

இஎம்ஐ-யிலும் கவனம் தேவை. உதாரணத்துக்கு, 9 சதவீத வட்டியில் 5 லட்சம் கடன். 5 ஆண்டு என்றால் மாதம் சுமார் 10,380 ரூபாய். 7 ஆண்டு என்றால் சுமார் 8,045. கையைக் கடிக்காத மாதிரி தெரியும், ஆனால் வட்டி மட்டும் 53,000 ரூபாய் கூடுதலாகப் போகும்.

லாரிகளுக்கு நடுவே பாதுகாப்பு

சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் ஓட்டுபவர்களுக்கு ஸ்டார் ரேட்டிங் வெறும் விளம்பரம் இல்லை. குளோபல் என்கேப் சோதனையில் டாடா டியாகோ 2020-ல் 4 ஸ்டார் வாங்கியது, அது பழைய விதிமுறைப்படி. விதிகள் கடுமையான பிறகு, 2023-ல் மாருதி வேகன் ஆர் வாங்கியது 1 ஸ்டார். அப்போது சோதித்தது 2 ஏர்பேக் கார், 2025 முதல் அதில் 6 ஏர்பேக். ஏர்பேக் கூடினால் மட்டும் பாடி பலமாகிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பூட் இடத்தில் வேகன் ஆர் முந்துகிறது: 341 லிட்டர். ஸ்விஃப்ட் 265, டியாகோ 242. சிஎன்ஜி எடுத்தால் சிலிண்டர் இந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டியாகோவில் இரட்டைச் சிலிண்டர் அடியில் போவதால் ஓரளவு மிஞ்சும். உங்க ரூட்டில் சிஎன்ஜி பங்க் எங்கே இருக்கு, எவ்வளவு நேரம் க்யூ என்று ஒரு நாள் நேரில் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

டெஸ்ட் டிரைவில் இருவருமே ஓட்டணும். உயரம் குறைவானவருக்கு கிளட்ச் எட்டுதா, பின்னாடி வர்ற லாரி கண்ணாடியில தெரியுதா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் புரியும்.